தோல் நோய்களும் அவற்றின் பெயர்களும்

நம் உடலுறுப்புக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தளக்கக் கூடுமாயின் அஃது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை பரவும். வெயிலையும் குளிரையும் முதலில் ஏற்பது அதுவே. நச்சுக்கிருமிகள் உட்புகாவண்ணம் மதில்போற் சூழ்ந்து நிற்பதும் அதுவே. மேற்றோல் ஏறக்குறைய நான்கு வாரத்திற்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கின்றது. இத்துணைச் சிறந்த உறுப்பிற்கு ஒரு குறையுண்டு. ஈரலிலோ நெஞ்சிலோ நோய் தோன்றின் அதனை உடையவரே முதலில் அறிவர். தோலில் தோன்றினாலோ ஊரார் முதலில் அறிவர். ஈரல் நோயுற்றாரைக் கண்டு இரங்கும் உலகம் தோல் நோயுற்றாரைக் கண்டு விலகுகின்றது.

இவ்விலகலுக்குக் காரணம் யாதென ஆராயுமிடத்து, நோயினும் நோய்க்கு நாம் இட்ட பெயரே அதிற் பெரும்பங்கு கொண்டுள்ளதெனத் தோன்றுகின்றது. அஞ்சத்தகாத நோய்க்கு அஞ்சத்தக்க பெயரை இடுகின்றோம். அஞ்சி விரைந்து மருந்து கொள்ளவேண்டிய நோய்க்கு எளிய பெயரை இட்டு வாளாவிருக்கின்றோம். இவ்விரண்டும் தீங்கே. மருத்துவம் கற்றார் கூறவேண்டிய பொருளைத் தமிழ் பயிலும் மாணவர் கூறப் புகுவதேன் என்று வினவுவார்க்கு, சொல்லினது வரலாறும் இங்கே நோயினது வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது என்பதே விடையாகும். நம் விடுதிகளிலும் இல்லங்களிலும் மிகுதியாகக் காணப்படும் சில தோல் நோய்களை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வாம்.

ஒரு சொல்லும் பல நோயும்

குட்டம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தே தோன்றுவது விரல் குறைந்த கையும் உருக்குலைந்த முகமுமாம். ஆயின் இச்சொல்லின் மூலமாகிய குஷ்டம் என்னும் வடசொல் பண்டை மருத்துவ நூல்களில் ஒரு நோயை மட்டும் குறித்ததன்று. சரகர் பெயரால் வழங்கும் நூல் குட்டத்தைப் பதினெட்டாக வகுக்கின்றது. அவற்றுள் 7 பெருங்குட்டம், 11 சிறுகுட்டம். இச்சிறுகுட்டங்களுள் படர்தாமரையும் சிரங்கும் எண்ணப்படுகின்றன. எனவே அந்நாளில் அச்சொல் தோல் நோய் என்னும் பொதுப் பொருளிலேயே நின்றது என்பது தெளிவு.

இதனை ஒத்த வரலாறு மேற்றிசையிலும் நிகழ்ந்தது. லேவியராகமத்தின் 13, 14-ஆம் அதிகாரங்களில் சாராஅத் என்னும் எபிரெயச் சொல் வருகின்றது. அது மனிதர் தோலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவதாக அங்கே கூறப்படுகின்றது. மேனி முழுதும் வெளுத்துப் போனவரைத் தீட்டில்லாதவர் என்றே ஆசாரியன் தீர்ப்பளிக்க வேண்டுமென்ற விதியும் ஆண்டுளது. சுவரிற் படிவதும், உடல் முழுதும் வெளுத்தபின் தீட்டொழிவதும் இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் நோயின் இயல்புகளல்ல. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார் இச்சொல்லை லெப்ரா என்றனர். கிரேக்க மருத்துவரிடையே அது செதில் உதிரும் தோல் நோயின் பெயராகவே இருந்தது. பிற்காலத்தே லெப்ரா என்பது தொழுநோய் ஒன்றனுக்கே உரியதாயிற்று. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ அது குஷ்டரோகம் என வந்தது.

ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் பலவற்றைக் குறித்த பொதுச்சொல் காலப்போக்கில் மிக அஞ்சப்பட்ட ஒன்றனுக்கே உரியதாயிற்று. அதன்பின், பழைய வழக்கால் அப்பெயரைச் சுமந்து நின்ற ஏனை நோய்களையும் அவ்வச்சம் பற்றிக்கொண்டது. வெண்குட்டம் என்னும் பெயரால் எத்துணைப் பெண்டிர் மணமின்றி இருந்தனர், எத்துணைக் குழந்தைகள் பள்ளியிற் புறத்தே அமர்த்தப்பட்டனர் என்பதை எண்ணுங்கால், ஒரு சொல்லின் பிழை எத்துணைக் கொடிது என்பது விளங்கும்.

சிரங்கு

சொறிசிரங்கு என நாம் கூறுவது பெரும்பாலும் ஒரு நுண்ணிய சிலந்தியினப் பூச்சியால் உண்டாவது. பெண்பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டரினும் குறைவு. அது மேற்றோலைக் குடைந்து சென்று ஆண்டே முட்டையிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, கொப்பூழ், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தினவு மிகும். இரவில் அது தாங்கவொண்ணாததாகும்.

இப்பூச்சியே காரணமென்பதை 1687-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பொனோமோவும் மருந்தாளர் செஸ்தோனியும் உருப்பெருக்கிக் கண்ணாடியாற் கண்டு வெளியிட்டனர். இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியது கற்றோர் நூலன்று. ஏழைத் தாய்மார் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதனையோ எடுத்தெறிவதை பொனோமோ கண்டார். அஃது என்னவென்று நோக்கவே உண்மை புலனாயிற்று. எனினும் சிரங்கு கெட்ட குருதியால் வருவதென்ற கருத்து அதன்பின்னும் நெடுங்காலம் மருத்துவரிடையே நிலவியது.

சிரங்கு அழுக்கரையே பற்றும் என்பது மற்றொரு பிழைக் கருத்து. 1941-ஆம் ஆண்டு தொடங்கி இங்கிலாந்திலுள்ள செப்பீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்பார் இதனை ஆராய்ந்தார். போரில் ஆயுதமேந்த மறுத்த இளைஞர் சிலர் தாமே முன்வந்து, சிரங்குற்ற வீரர் பயன்படுத்திய வெளுக்காத உள்ளாடைகளை அணிந்தும் கம்பளிகளைப் போர்த்தும் உறங்கினர். அவருள் மிகச் சிலரையே சிரங்கு பற்றியது. நோயுற்றாரோடு ஒரே படுக்கையில் உடல்பட உறங்கியவரையோ அஃது எளிதிற் பற்றியது. ஆதலின் நெருங்கிய உடற்றொடர்பே சிரங்கு பரவும் முதல் வழி என்பது உறுதியாயிற்று. நாள்தோறும் நீராடித் தூய ஆடை உடுப்பவரும் சிரங்கு பெறலாம். அதில் நாணத்தக்கது யாதும் இல்லை.

மெல்லன்பியின் ஆராய்ச்சியால் தெளிவான மற்றொரு செய்தி விடுதி மாணவர் அனைவரும் மனத்திற் கொள்ளத்தக்கது. முதன்முறை பூச்சி பற்றியவர்க்குத் தினவு உடனே தோன்றுவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை கழிந்தபின்னரே தோன்றும். அதற்குள் அவர் தம்மை அறியாமலே பிறர்க்குத் தந்திருப்பர். இதனாலேயே ஓர் அறையில் ஒருவர் மட்டும் மருந்து பூசிக்கொண்டால் பயனில்லை. சொறிவாரும் சொறியாதாருமாகிய அறைத்தோழர் அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ளல் வேண்டும்.

இக்காலத்தில் பெரிதும் கொள்ளப்படுவது 5 விழுக்காடு பெர்மெத்ரின் கலந்த களிம்பு. மாலையில் உடல் உலர்ந்திருக்கும்போது கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாது பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவவேண்டும். விரலிடுக்கையும் நகத்தினடியையும் மறத்தலாகாது. ஒரு வாரங்கழித்து மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். தினவுள்ள இடத்தில் மட்டும் தடவுதல் இம்மருத்துவம் பயனிலதாய்ப் போவதற்குப் பெருங்காரணமாம். அண்மையில் உடுத்த ஆடைகளையும் விரிப்புக்களையும் வெந்நீரில் வெளுத்தல் நலம். பூச்சி இறந்த பின்னரும் இரண்டு மூன்று வாரம் தினவு இருக்கக்கூடும். அதுபற்றி மருந்தை மேன்மேலும் பூசுதல் வேண்டா.

சிரங்கு சிறு நோயெனப் புறக்கணிக்கத்தக்கதன்று. சொறிந்த புண்வழியே சீழ்க்கிருமி புகுந்து, சிற்சில வேளைகளில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2017-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெப்பநாடுகளிற் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சிரங்கினையும் சேர்த்தது.

படர்தாமரை

படர்தாமரை எனப் பெயரிட்டவர் அதன் இயல்பை நன்கு நோக்கியவராவர். நீர்மேல் இலை விரிதல்போல அது வட்டமாய் விரியும். விளிம்பு சிவந்து தடித்துத் தினவுடையதாயிருக்க, நடுவிடம் ஆறியதுபோற் காணப்படும். இதன் காரணம் ஒருவகைப் பூஞ்சக்காளான். மேற்றோலிலும் நகத்திலும் மயிரிலும் உள்ள கடினப் பொருளையே அஃது உண்டு வாழும். தொடையிடுக்கு, இடுப்பு முதலிய வியர்வை தங்கும் இடங்கள் அதற்கு நல்விளைநிலம். ஈரம் உலராத உள்ளாடை, இறுகிய காற்சட்டை, பலர் துவட்டும் ஒரே துண்டு ஆகியவை அதனைப் பரப்பும்.

நம் நாட்டில் இவ்வெளிய நோய் அண்மைக் காலத்தே எளிதிற் தீராத நோயாய் மாறியுள்ளது. இதற்கு நம் செயலும் ஒரு காரணம். தினவு கண்டவுடன் கடையிற் சென்று, 'படைக்கு ஒரு களிம்பு தருக' என்கின்றோம். அவ்வாறு பெறும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. அது தினவையும் சிவப்பையும் இரண்டொரு நாளில் தணிக்கும். ஆயின் சிவப்பு என்பது காளானோடு நம் உடல் செய்யும் போரின் அடையாளம். ஸ்டீராய்டு அப்போரினை நிறுத்துவதன்றிப் பகைவனை அழிப்பதில்லை. பூசுவதை நிறுத்தியவுடன் நோய் முன்னினும் அகலப் பரவித் தோன்றும். வட்ட வடிவமும் கெட்டு மருத்துவரும் அடையாளங் காண இடர்ப்படுவர். நெடுநாட் பூசின் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளவுபடும்; அவ்வரிகள் மறைவதில்லை. 2018-ஆம் ஆண்டு இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சுக்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அறிவித்தது. அறிவிப்பு இருந்தும் கேட்டுப் பெறுவார் இன்னும் உளர்.

இதற்கிடையே, காளானைக் கொல்லும் டெர்பினபின் என்னும் சிறந்த மருந்திற்கும் அடங்காத இனமொன்று பெருகிற்று. 2020-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிட்டனர். அப்பெயரில் நம் நாட்டின் பெயர் சேர்ந்திருத்தல் நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியன்று.

நாம் செய்யவேண்டுவது இது: மருத்துவர் தரும் காளான்கொல்லி மருந்தை வட்டத்தின் விளிம்பிற்கு அப்பாலும் இருவிரல் அளவு தடவி, நோய் மறைந்தபின்னும் அவர் குறித்த காலம் வரை நிறுத்தாது தொடர்தல், துண்டையும் உள்ளாடையையும் பிறரோடு பகிராமல் வெயிலில் உலர்த்தி அணிதல், வீட்டிற் பிறர்க்கும் இருப்பின் அனைவரும் ஒருங்கே மருந்து கொள்ளுதல்.

தேமலும் வெண்புள்ளியும்

சங்கப் புலவர் மகளிர் மேனியிற் கண்ட சுணங்கினையும் திதலையையும் அழகென்றே பாடினர். உரையாசிரியர் அவற்றைத் தேமல் என விளக்குவர். அவர் பாடியதும் இன்று நாம் தேமல் என்பதும் ஒன்றெனக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் மேனியிற் புள்ளி தோன்றுதலை இழிவென்று கருதும் எண்ணம் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த ஒன்றன்று என்பதற்கு அப்பாடல்களே சான்றாகும்.

இந்நாளில் தேமல் எனப்படுவது பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறியோ பழுத்தோ தோன்றும் சிறு திட்டுக்கள். மெல்லச் சுரண்டினால் மாப்போன்ற செதில் உதிரும். நம் அனைவர் தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் நுண்காளான் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மிக்க காலத்தில் மிகுந்து பெருகுதலே இதற்குக் காரணம். இஃது ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதன்று. கீட்டோகொனசோல் போன்ற மருந்துகளால் எளிதில் தீரும். காளான் அழிந்தபின்னும் தோல் பழைய நிறம் பெறச் சில திங்கள் ஆகும். மருந்து பயன்படவில்லையென்று மனந்தளர்தல் வேண்டா.

வெண்புள்ளி இதனின் வேறு. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களை உடலின் காவல்முறையே பகையெனப் பிழைபட உணர்ந்து அழிப்பதால் பால்போல் வெளுத்த திட்டுக்கள் உண்டாகின்றன. செதில் இல்லை, வலி இல்லை, தொடுவுணர்ச்சி குறைவதும் இல்லை. இது தொற்றுநோயன்று. மீனும் பாலும் சேர்த்துண்டதால் வருவதன்று. முன்செய்த தீவினையால் வருவதுமன்று. பூச்சு மருந்தாலும் புறவூதாக் கதிராலும் பலர்க்கு நிறம் ஓரளவு மீள்கின்றது. கிருமியொன்றும் இல்லாத இந்நிறமாற்றத்தை வெண்குட்டம் என்றழைத்தல் பொருந்தாது எனக் கண்டு வெண்புள்ளி என்னும் பெயர் இப்போது வழங்கப்படுகின்றது. தமிழ் கற்பார் அனைவரும் இப்பெயரையே எழுத்திலும் பேச்சிலும் ஆளுதல் கடமையாகும்.

தொழுநோய்

இனி, உண்மையில் விரைந்து நாடவேண்டிய நோய் இது. 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்னும் மருத்துவர் இதன் கிருமியைக் கண்டார். மிக மெல்லப் பெருகும் இக்கிருமி உடலிற் புகுந்து பல ஆண்டுகள், சிலரிடத்து இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே தன் அடையாளத்தைக் காட்டும். மாந்தருள் மிகப் பெரும்பாலார்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கைதொடுதலாலும் உடனிருந்து உண்ணுதலாலும் இது தொற்றுவதில்லை. மருந்துகொள்ளாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வார்க்கே தொற்றக்கூடும்.

முதல் அடையாளம் வெளிறிய அல்லது சற்றே சிவந்த ஒரு திட்டு. அதில் தினவு இராது, வலி இராது, உணர்ச்சியும் குன்றியிருக்கும். கண்ணை மூடச்செய்து பஞ்சுநுனியால் அவ்விடத்தைத் தொட்டால் தொட்டதை அறியார். தினவும் வலியும் இன்மையாலேயே பலர் அதனைத் தேமல் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். தேமலை எண்ணித் துயருறுவார் ஒருபுறமாக, தொழுநோயைத் தேமலென்று எண்ணித் துயரின்றி இருப்பார் மற்றொருபுறம். இவருள் பின்னையவரே பெரிதும் இரங்கத்தக்கார்.

1914-ஆம் ஆண்டு மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்து, 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிசெய்ய வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் இந்நோயாளரிடையே ஓர் உண்மையைத் தெளிவித்தார். விரல்களைக் கிருமி அரித்துத் தின்பதில்லை. நரம்பு கெட்டு வலி அற்றுப்போவதால், சுடுகலத்தைப் பற்றினும் ஆணியை மிதிப்பினும் நோயாளர் அறியார். அப்புண்கள் முற்றியே உறுப்புக்கள் குறைகின்றன. தசைநாரை இடம்மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை விரியச்செய்யும் அறுவை முறைகளையும் அவர் கையாண்டார். வலி என்பது எத்துணைப் பெருங்கொடை என்பதை வலியற்றாரிடமிருந்தே உலகம் கற்றது.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் இலஞ்சிமன்றம் என்றோர் இடம் உண்டு. உடல் அழுகினோரும் அதன் நீரில் மூழ்கி நல்லுருவம் பெற்று மீள்வர் என்பது இளங்கோவடிகள் கூற்று. இன்று அத்தகைய நலத்தை நல்குவது மருந்து. 1981-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்தளித்த கூட்டு மருந்துமுறைப்படி, நோயின் அளவிற்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உட்கொண்டால் தொழுநோய் முற்றும் தீரும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை நீங்குகின்றது. ஆயின் கெட்ட நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. ஆதலின் காலந்தாழ்த்தலே இந்நோயின் கொடுமை.

சட்டமும் மெல்ல மாறியுள்ளது. நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணவிலக்குப் பெறலாம் என்றிருந்த விதிகள் 2019-இல் நீக்கப்பட்டன. ஏட்டினின்று நீங்கியது உள்ளத்தினின்றும் நீங்குதல் வேண்டும்.

நாம் கைக்கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மாணவர் கைக்கொள்ளத்தக்கன சிலவே.

1. தோலில் மாற்றம் கண்டால் மூன்றனை நோக்குக: தினவு உண்டா, செதில் உதிர்கின்றதா, தொடுவுணர்ச்சி உண்டா. உணர்ச்சியற்ற திட்டினை ஒருநாளும் பொறுத்திருத்தல் ஆகாது.

2. இரவில் மிகும் தினவு ஓர் அறையில் இருவர்க்குத் தோன்றின் சிரங்கென ஐயுற்று, அறையினர் அனைவரும் ஒருங்கே மருத்துவரை நாடுக.

3. கடைக்காரர் தரும் பெயரறியாக் களிம்பைப் பூசற்க. நண்பர்க்குப் பயன்பட்ட களிம்பு நமக்குத் தீங்காகலாம்.

4. துண்டு, உள்ளாடை, சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிராதிருத்தல் நட்பிற்குக் குறைவன்று.

5. பிறர் மேனியின் மாற்றத்தைக் கண்டு நகைத்தலும் பெயரிட்டழைத்தலும் ஒழிக. நகைக்கு அஞ்சியே நோயாளர் நோயை மறைப்பர். மறைந்த நோயே பரவும் நோய்.

இவற்றுள் இறுதியாகக் கூறியதே முதன்மையானது. மருந்துகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன; சிரங்கிற்கு இரண்டு இரவும் தொழுநோய்க்கு ஓர் ஆண்டும் போதும். நோயாளர்க்கும் மருந்திற்கும் இடையே நின்று தடுப்பது நாணம் ஒன்றே. அந்நாணத்தை வளர்ப்பன நாம் எண்ணாது கூறும் சொற்கள். நீண்ட கையுடைய சட்டையைக் கோடையிலும் கழற்றாத தோழர் ஒருவர் நம் வகுப்பில் இருப்பின், அவரிடம் தனியே சென்று உடன் மருத்துவரிடம் வருவேன் என்று கூறுவதே அவர்க்கு நாம் செய்யத்தக்க முதல் உதவியாகும்.